தோற்றவர்களின் விலாசம்

ஜெமீலின் இணையக் கடைக்குள் வந்ததும் பாக்கியரத்தினம் ஏலத் தளத்தில் முதலில் திறப்பது தன்னுடைய பக்கத்தை அல்ல, தோப்பூர் கலீலுர் றஹ்மானின் பக்கத்தைத்தான். காலை பத்து மணிக்குப் பாக்கியரத்தினம் வந்துவிடுவார். திருகோணமலை உட்துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி, அதைக் கைக்குட்டைக்குள் மடித்துச் சட்டைப்பையில் செருகி, சைக்கிளைச் சுவரோடு சாத்திப் பூட்டிவிட்டு மூலைக் கணினிக்குப் போவார். கடையில் இருக்கும் நாலு கணினிகளில் அதுதான் ஆமை. ஆனால் அதன் கதிரைக்குப் பின்னால் சுவர் இருக்கிறது, யாரும் நின்று எட்டிப்பார்க்க முடியாது. கடவுச்சொல்லைத் தட்டும்போது மட்டும் மடித்த பத்திரிகையால் விசைப்பலகையை மூடிக்கொள்வார். களவெடுக்க அதற்குள் என்ன இருக்கிறது என்று ஜெமீல் ஒருநாளும் கேட்டதில்லை.

“இண்டைக்கு என்ன போட்டிருக்கிறார்?” என்று ஜெமீலைக் கேட்பார். யார் என்று சொல்வதில்லை.

“நான் பாக்கல்ல ஐயா.”

“எனக்கென்ன, சும்மா கேட்டனான்.”

சும்மா கேட்டவர் பதினைந்து நிமிடம் றஹ்மானின் பக்கத்தை மேலும் கீழும் உருட்டுவார். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், எத்தனை பேர் விலை கேட்டிருக்கிறார்கள், புதிதாக யாராவது பாராட்டி எழுதியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிந்த பிறகே தன் பக்கத்துக்கு வருவார். அதற்குள் முகம் பழைய புளியைக் கடித்தது மாதிரி ஆகிவிடும்.

பாக்கியரத்தினம் முப்பத்துநாலு வருடம் தபாற்கந்தோரில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். ஒரு கடிதத்தைக் கையில் எடுத்தால் முதலில் ஊர்ப் பெயரைப் பார்க்க வேண்டும், அடுத்த கணம் அது தன் பெட்டிக்குள் விழுந்துவிட வேண்டும், ஆளின் பெயரைக் கண் தொடவே கூடாது என்பது அவருடைய சட்டம். “ஆர் ஆருக்கு எழுதுகினம் எண்டதை வெளியில கதைக்கிறவன் தபால் உத்தியோகத்தன் இல்லை” என்பார். பக்கத்து வீட்டுப் புஸ்பராணிக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு பொடியன் ஒன்றரை வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். இவர் கையால்தான் அத்தனையும் போயின. அவளுடைய கலியாணம் நடக்கும்வரை சொந்த மனைவி ராசமலருக்குக்கூட மூச்சு விடவில்லை. விசயம் தெரிந்ததும் ராசமலர் ஒரு மாதம் இவரோடு கதைக்கவில்லை. அந்த ஒரு மாதத்தைத் தன் வாழ்நாள் விருதாக அவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பழைய கடித உறைகளைச் சேர்க்கிற பழக்கம் வேலையோடு ஒட்டி வந்தது. சனங்கள் முத்திரையை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு உறையை அடுப்புக்குள் போடுகிற காலத்தில், இவர் வீடு வீடாகப் போய் உறையை முழுசாகக் கேட்டு வாங்கினார். அவருக்கு முத்திரையைவிட அதன்மேல் விழுந்த சீல்தான் பெரிது. எந்தத் தபாற்கந்தோர், எந்த நாள், காலைக் கட்டா மாலைக் கட்டா என்று சீலைப் பார்த்துச் சொல்லுவார். வெள்ளைக்காரன் துறைமுகத்தை வைத்திருந்த உலகப் போர்க் காலத்துச் சீல் என்றால் பேச்சு நின்றுவிடும். கண்ணாடியைக் கழற்றி, உறையை மூக்கு நுனிவரை கொண்டுபோய்ப் பார்ப்பார்.

ஓய்வுபெற்ற மறு வருடம் லண்டனிலிருந்து வந்த மகள்தான் அந்த ஏலத் தளத்தைக் காட்டிவிட்டாள். உலகத்தின் எந்த மூலையிலிருக்கும் பொருளையும் எந்த மூலையிலிருந்தும் ஏலம் கேட்கலாம். ஏழு நாள் ஏலம் நடக்கும், கூடக் கேட்டவருக்குப் பொருள் போகும். விற்ற காசு மகளின் கணக்கில் சேரும், அதைப் பற்றி அவர் கேட்பதே இல்லை. அவருடைய உயிர் கிடந்தது வேறு இடத்தில். பொருளை வாங்கியவர், விற்றவரைப் பற்றி எல்லாரும் பார்க்க இரண்டு வரி எழுதலாம். முப்பத்துநாலு வருடம் அரசாங்கத்துக்கு உழைத்தவருக்கு ஓய்வுபெறும் நாளில் கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரம். இங்கேயோ ஆறு மாதத்தில் முகம் தெரியாத வெள்ளைக்காரர்கள் இருபத்திரண்டு பேர், ‘அறிவுள்ள கனவான்’, ‘இவரை நம்பி வாங்கலாம்’ என்று எழுதினார்கள். திருகோணமலைச் சீல் வேண்டுமென்றால் அந்தத் தளத்தில் அவரிடம்தான் வரவேண்டும். முதல் இரண்டு வருடமும் ஐயாவின் நடையே வேறு.

பிறகு றஹ்மான் வந்தார்.

கலீலுர் றஹ்மான் பழைய பேப்பரும் போத்தலும் வாங்குகிறவர். தோப்பூர், மூதூர்ப் பக்கமெல்லாம் சைக்கிளில் சுற்றிச் சேர்த்ததைக் கட்டிக்கொண்டு மூதூர் லோஞ்சுப் படகில் பட்டினத்துக்கு வருவார். ஒருநாள் ஜெமீலின் கடையில் வைத்து ஓர் உறையை நீட்டினார்.

“ஐயாவுக்குச் சீல் நல்லாத் தெரியும் எண்டு ஜெமீல் சொன்னான். இது என்ன சீல் எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுவீங்களா?”

சீனன்குடாப் பக்கம் உலகப் போர்க் காலத்தில் சில மாதங்கள் மட்டும் இருந்த ஒரு படை முகாமின் சீல் அது. இருபது வருடமாகப் பாக்கியரத்தினம் தேடிய சீல், பேப்பர்த் தூசி படிந்த ஒரு கையில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

“இது சாதாரணம். என்னட்ட நிறையக் கிடக்கு. வேணுமெண்டால் வைச்சிட்டுப் போங்கோ.”

றஹ்மான் நன்றி சொல்லி உறையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை அது றஹ்மானின் பெயரில் ஏலத் தளத்தில் கிடந்தது. கீழே மூன்று வரி விளக்கம்: ‘எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ஒருவர் இது சாதாரணம் என்கிறார். எனக்குத் தெரியாது. படத்தைப் பார்க்கவும்.’ அந்தச் சாதாரணத்துக்கு ஒன்பது பேர் அடிபட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல்தான். இவர் விளக்கம் எழுதினால் பழைய அரசாங்கக் கடித நடையில் ஒரு பக்கம் வரும், ‘தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’ என்று முடியும். றஹ்மானோ, ‘கவர் நல்லது, ஒரு மூலை மடிந்திருக்கிறது’ என்று எழுதுவார். சனம் றஹ்மானிடம் போனது. இவர் பால்மாப் பெட்டி அட்டையை வெட்டி அதற்குள் உறையை வைத்து அனுப்புவார். றஹ்மான் பழைய பேப்பரோடு வந்த எக்ஸ்றேப் படங்களை வெட்டி அவற்றுக்கு நடுவில் வைத்து அனுப்புவார். மடியாது, நனையாது. ‘யாரோ ஒருவரின் விலா எலும்புகளுக்குள் பத்திரமாக வந்து சேர்ந்தது, மிக்க மகிழ்ச்சி’ என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் எழுதினார். அந்த வரியை ஐயா மனப்பாடமாகச் சொல்லுவார், சொல்லிவிட்டு, “செத்த மனிசற்ர நெஞ்சுக்கூட்டுக்க வைச்சு அனுப்புறதும் ஒரு வியாபாரமோ?” என்பார். ஆனால் அடுத்த கிழமையே பட்டினத்தில் இரண்டு பேப்பர் கடைகளில் எக்ஸ்றே இருக்கிறதா என்று விசாரித்தார். எல்லாவற்றையும் றஹ்மான் முன்பே வாங்கிவிட்டாராம்.

மூதூர் லோஞ்சு வரும் நேரம் இறங்குதுறைப் பக்கம் சைக்கிளில் ஒரு சுற்றுப் போவதும் அப்போது தொடங்கிய பழக்கம். கடற்காற்று வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லுவார். றஹ்மானின் கட்டு இன்றைக்கு எவ்வளவு பருமன் என்று தூரத்திலிருந்து அளந்துவிட்டு வருவார். கட்டுப் பெரிதாக இருந்தால் அன்று மத்தியானம் அவர் நாக்குக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

“உங்கட சக்களத்தி இண்டைக்கு என்ன கொண்டு வந்தவவாம்?” என்று ராசமலர் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பாள்.

“அந்தாளின்ர கதையை இந்த வீட்டில எடுக்காத.”

“நான் எங்க எடுத்தனான். வந்த நேரம் தொடக்கம் நீங்கள்தான் அந்தாளின்ர பாராட்டை எண்ணிக்கொண்டிருக்கிறியள்.”

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆடி மாதம் அந்த ஊதா மை உறை றஹ்மானின் கைக்கு வந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டில் திருகோணமலையிலிருந்து இங்கிலாந்தின் ஒரு சின்னக் கிராமத்திலிருந்த யாரோ ஒரு செல்விக்கு எழுதி, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. நல்ல தெளிவான சீல். பக்கவாட்டில், போர்க்காலத் தணிக்கைக்காரன் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டிய கடதாசிப் பட்டி. றஹ்மான் அதை ஏலத்தில் போட்டார். திரையில் படத்தைப் பார்த்ததும் பாக்கியரத்தினம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அந்தக் கையெழுத்தை அவருக்குத் தெரியும். வீட்டு அலுமாரிக்குள், பிஸ்கற் ரின்னில், அதே ஊதா மையில் அதே செல்விக்கு எழுதி, அதே மாதிரித் திரும்பி வந்த இரண்டு உறைகள் பதினெட்டு வருடமாகக் கிடக்கின்றன. ஒரு நல்ல நாள் பார்த்துப் போடலாம் என்று வைத்திருந்தவை.

ஏலம் கடைசி நாளில் கொதித்தது. ஒரு கனடாக்காரரும் இங்கிலாந்திலிருந்து ஹோல்டன் என்ற அம்மாவும் மாறி மாறி ஏற்றினார்கள். அந்த அம்மா பதினொரு தரம் ஏற்றிக் கேட்டு, கடைசி நிமிடத்தில் விட்டுவிட்டா. உறை கனடாவுக்குப் போனது. அந்தக் காலத்தில் அந்தத் தளத்தில் எதுவும் மறைவில்லை. யார் வென்றார், யார் யார் தோற்றார் என்று பொருளுக்குக் கீழே பட்டியல் கிடக்கும், பெயரைத் தொட்டால் அவருக்குக் கடிதம் எழுதலாம். பாக்கியரத்தினம் பட்டியலைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு பையிலிருந்த நாட்காட்டித் தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் அந்த அம்மாவின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

மூன்று நாள் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். தவறு இல்லை என்று ஒரு மனம் சொன்னது. ஏலம் முடிந்துவிட்டது, றஹ்மானுக்கு ஒரு சதம் நட்டமில்லை, அந்த அம்மா வெறுங்கையோடு இருக்கிறா, கொடுக்கத் தன்னிடம் இரண்டு இருக்கிறது. தவறு என்று இன்னொரு மனம் சொன்னது. அது தபாற்கந்தோர் மனம். இன்னொருவருக்கு வந்த கடிதத்தின் மேலிருந்து விலாசத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிற பிரிப்பாளரை அவர் ஒருகாலத்தில் மேலதிகாரியிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். நாலாம் நாள் ஜெமீலிடம் வாய் விட்டார்.

“தோத்தவ ஒருத்தருக்கும் சொந்தமில்லைத்தானே? கூப்பிட்டுக் குடுக்கிறதில என்ன பிழை?”

ஜெமீல் அச்சு இயந்திரத்தைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது மனிதர், வாடிக்கையாளரோடு முரண்டு பிடிக்காதவர்.

“சல்லி ஊர்க் கடக்கரையில மீன் ஏலம் பாத்திரிப்பீங்கதானே ஐயா. கூறு விலை போனாப் பிறகு தோத்தவன் வெறுங்கூடையோட நிப்பான். மற்றத் தோணிக்காரன் கூப்பிடுவான். அது பிழையில்ல. ஆனா எல்லாருக்கும் கேக்கத்தான் கூப்பிடுவான். காதுக்க சொல்ல மாட்டான்.”

“இதுவும் அப்பிடித்தான்.”

“அப்ப றஹ்மான் நானாவுக்கும் ஒரு பிரதி அனுப்பிடுவம்.”

“அது தேவையில்லை.”

“தேவையில்லாட்டி எழுதாதீங்க ஐயா.”

பாக்கியரத்தினம் மூலைக் கணினிக்குப் போய்ப் பத்திரிகையை விரித்து மறைத்துக்கொண்டு எழுதினார். தங்கள் தோல்வியை அறிந்து மிகவும் வருந்துகிறேன் என்று தொடங்கி, அதே கையெழுத்தில் இரண்டு உறைகள் தன்னிடம் இருப்பதைச் சொல்லி, சீலின் விபரத்தை எழுதி முடித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொறாமை பிடித்த கை ஓரிடத்தில் நிற்காது. ‘தாங்கள் ஏலம் கேட்ட அந்த விற்பனையாளர் பழைய கடதாசி எடை போட்டு வாங்குகிறவர், இவற்றின் அருமை அறியாதவர்’ என்று ஒரு வரியைச் சேர்த்தார். அழித்தார். இரண்டாம் தரம் எழுதினார். அனுப்பிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அந்தக் கிழமைதான் மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டது. துறைமுகத்துக்கு மேலால் ஷெல் பறந்தது. லோஞ்சு நின்றது. கடைகள் பூட்டின, தொலைபேசி செத்தது, மின்சாரம் நினைத்த நேரம் வந்து போனது. மூதூர், தோப்பூர்ச் சனம் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடக்கிறதாம் என்று வானொலியிலும் வீதியிலும் கதை வந்தது. பதினொரு நாளுக்குப் பிறகு ஜெமீலின் கடை அரைக்கதவோடு திறந்தபோது முதலாவது ஆளாகப் போய் நின்றவர் பாக்கியரத்தினம்.

வழக்கம்போல றஹ்மானின் பக்கத்தைத் திறந்தார். ஒன்றும் அசையவில்லை. புதிய உறை இல்லை, புதிய பாராட்டும் இல்லை. இரண்டு பேர், ‘எங்கே என் பொதி?’ என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பாக்கியரத்தினத்தின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, இனித்தது. அந்த இனிப்பு என்னவென்று புரிந்த அடுத்த கணம் தன்னையே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது. பக்கத்தை மூடிவிட்டுத் தன் கடிதங்களைத் திறந்தார். ஹோல்டன் அம்மா பதில் போட்டிருந்தா.

‘அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்துக்கு நன்றி. அந்த உறைகளில் விலாசம் எழுதிய தெருவில்தான் நான் குடியிருக்கிறேன், அதனால்தான் அவ்வளவு ஆசைப்பட்டேன். ஆனால் முன்பின் அறியாதவரிடம் வாங்கத் தயக்கமாக இருந்தது. உங்கள் ஊரில் எனக்குத் தெரிந்தவர் திரு. றஹ்மான் ஒருவரே. எனவே உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பி, இவரை நம்பலாமா என்று கேட்டேன். நேற்றுத்தான் பதில் வந்தது. சீல்களைப் பற்றி உங்களளவு தெரிந்தவர் அந்த நகரத்தில் வேறு யாரும் இல்லையாம், பொய்ப் பொருளை நீங்கள் ஒருநாளும் விற்கமாட்டீர்களாம். தான் பழைய கடதாசி வியாபாரி என்பதும் உண்மைதானாம். வீட்டை விட்டு நடந்து வந்து, கந்தளாய் என்ற இடத்தில் ஒரு பாடசாலையில் குடும்பத்தோடு தங்கியிருப்பதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இரண்டு உறைகளையும் நான் வாங்குகிறேன், தளத்திலேயே போடுங்கள். இன்னுமொரு உதவி. அவரும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு எழுதுவீர்களா?’

பாக்கியரத்தினம் மூன்று தரம் வாசித்தார். பத்திரிகையால் மறைக்கவுமில்லை. ஜெமீல் பக்கத்தில் வந்து நின்று வாசித்தார்.

“அகதி முகாமில கிடந்துகொண்டும் என்னை வெல்லுறார் பாத்தியளோ,” என்றார் பாக்கியரத்தினம்.

“நீங்க எழுதினதை அவ அப்பிடியே அனுப்பியிரிக்கா ஐயா.”

“ஓம்.”

“அந்தப் பழைய கடதாசிக் கதையையும்.”

“ஓம் எண்டு சொல்லுறன்தானே.”

அன்றே இரண்டு உறைகளையும் தளத்தில் போட்டு அந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம். ஒரு பாராட்டு வந்திருக்கும், அதுவும் றஹ்மானின் ஆளிடமிருந்தே வந்திருக்கும். அவர் போடவில்லை. வீட்டுக்கு வந்து பிஸ்கற் ரின்னைத் திறந்து பார்த்தார், மூடினார். ராசமலரிடம் நடந்த எல்லாவற்றையும் சொன்னார். அவள் சக்களத்திக் கதை எடுக்கவில்லை.

“போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. இல்லாட்டில் உங்களுக்குச் சோறு இறங்காது,” என்றாள்.

மறுநாள் உறைகளையும் எடுத்துக்கொண்டு கந்தளாய் பஸ்ஸில் ஏறினார். இறக்கி ஏற்றிய சாவடிகள் நாலு. ஒன்றில் இளம் சிப்பாய் ஒருவன் பையைத் திறந்து உறைகளை எடுத்தான். அவற்றிலிருந்த தணிக்கைப் பட்டியைக் கண்டதும் முகம் மாறியது. இதை யார் திறந்து பார்த்தது என்று சிங்களத்தில் கேட்டான். தனக்குத் தெரிந்த கந்தோர்ச் சிங்களத்தில் பாக்கியரத்தினம், அது வேறு யுத்தம் மாத்தையா, என்று விளங்கப்படுத்தினார். சிப்பாய் நாற்பத்திரண்டு என்ற ஆண்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கவனமாகத் திருப்பிக் கொடுத்தான்.

பாடசாலை முழுக்கச் சனம். ஒரு வகுப்பறையில் ஏழு குடும்பம், நடுவில் சேலைகளால் மறைப்பு. கரும்பலகையில் யாருடையதோ பிள்ளைச் சட்டைகள் காய்ந்தன. றஹ்மான் விறாந்தையில் ஒரு நீட்டு மர வாங்கில் குந்தியிருந்து, மகளின் வீங்கிய காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஐயாவைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

“ஐயா, நீங்களா? இந்த நேரத்தில இவ்வளவு தூரம் ஏன் வந்த? இரிங்க.”

மகள் உள்ளே போனாள். மனைவி றுக்கியா ஒரு கோப்பையில் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. வாங்கின் இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர்.

“அந்த அம்மா நீங்கள் சுகமோ எண்டு கேட்டு எழுதினவ. அதுதான் வந்தனான்.”

“சுகம் எண்டு எழுதுங்க. எல்லாரும் உசிரோட இரிக்கம், அல்ஹம்துலில்லாஹ்.”

பாக்கியரத்தினம் தேநீரைத் தொடவில்லை. “உங்கட ஏலத்தில தோத்த ஆளின்ர பேரை எடுத்து நான்தான் அவவுக்கு எழுதினனான்.”

“தெரியும் ஐயா.”

“பழைய பேப்பர்க்காரன், அருமை தெரியாது எண்டும் எழுதினனான்.”

“அதுவும் தெரியும். அவ அனுப்பின கடிதத்தில இரிந்திச்சு.”

“கோபம் வரேல்லையோ?”

வந்தது என்று சொல்லிவிடு, என்று மனதுக்குள் மன்றாடினார். றஹ்மான் எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

“வந்தது. ஏன் வராம? அஞ்சு சதத்துக்கும் வழியில்லாம இங்க வந்து கிடக்கக்க, ஒரு கடைக்காரன்ட கணினியில திறந்தா அந்தக் கடிதம். ஒரு நாள் முழுக்க அவவுக்குப் பதில் போடல்ல.”

அன்றைய நாளில் முதல் தடவையாகப் பாக்கியரத்தினத்துக்கு மூச்சுச் சீராக வந்தது. “பிறகு?”

“பிறகு என்ன. அவ கேட்டது இந்த ஆளை நம்பலாமா, சீல் தெரியுமா எண்டுதானே. தெரிஞ்ச ஆளைத் தெரியாது எண்டு நான் எப்பிடி எழுதிற?” றஹ்மான் லேசாகச் சிரித்தார். “அண்டைக்கு அந்த முகாம் சீலைச் சாதாரணம் எண்டு சொன்னீங்களே. உங்கட முகத்தைப் பாத்துத்தான் அது நல்ல சாமான் எண்டு எனக்கு விளங்கிச்சு. அதாலதான் ஏலத்தில போட்டன்.”

பாக்கியரத்தினம் பையைத் திறந்து இரண்டு உறைகளையும் எடுத்தார். மூலைகளில் பிடித்தபடி காட்டினார். றஹ்மான் குனிந்து பார்த்தார். ஊதா மையை, சீலை, பட்டியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாக்கியரத்தினம் பார்த்ததோ றஹ்மானின் முகத்தை. எங்கேயாவது ஒரு கடுப்பு, உதட்டோரத்தில் ஒரு சின்னச் சுழிப்பு, இவனிடம் இரண்டு இருக்கிறதே என்ற ஒரு நினைப்பு, அகப்படாதா என்று தேடினார். வீடு வாசலை விட்டு வந்து கிடக்கிற அந்த முகம் சந்தோசத்தில் விரிந்து போயிருந்தது.

“ஒரே கைதான் ஐயா. அதே ஆள் எழுதினது. எவ்வளவு வடிவாக் காப்பாத்தி வைச்சிரிக்கீங்க.”

அந்த முகத்தைப் பார்க்கப் பாக்கியரத்தினத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. இப்படிப் பார்க்கத் தனக்கு ஒருநாளாவது வந்திருக்குமா?

“இந்தாங்கோ,” என்றார். “நீங்களே அனுப்புங்கோ. உங்கட பேரில போடுங்கோ. பாராட்டும் உங்களுக்கே வரட்டும்.”

“சாமான் உங்கட ஐயா.”

“ஆள் உங்கட. உங்கட வாசலில நிண்ட ஆளை நான்தான் கூப்பிட்டனான்.”

றஹ்மான் கொஞ்சம் தயங்கினார். பிறகு உடுப்பில் இன்னொரு தரம் கையைத் துடைத்து, நீட்டி, உறைகளின் மறு ஓரத்தைப் பிடித்தார். பாக்கியரத்தினத்தின் பெருவிரலும் சுட்டுவிரலும் விடவில்லை. விடத்தான் நினைத்தார், விரல்கள் கேட்கவில்லை. அறுபத்துநாலு வருடக் கடதாசி இரண்டு பேரின் கைகளுக்கு நடுவில் நின்றது. கொஞ்சம் இழுத்தாலும் மடிப்பில் கிழிந்துவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். றஹ்மான் தன் கையை எடுத்துக்கொண்டார்.

“அவசரமில்ல ஐயா,” என்றார்.

பாக்கியரத்தினம் உறைகளை மர வாங்கின்மேல், றஹ்மானின் பக்கமாகத் தள்ளி வைத்தார். வைத்த வலது கை அவற்றின்மேலேயே கிடந்தது. அதை இடது கையால் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.